தவக்காலத்தின் ஏழாம் நிலை

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று இரவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஏழு தீர்மானங்கள் எழுதினேன். காபி கிடையாது. இரவு எட்டு மணிக்கு மேல் கைபேசி கிடையாது. தினமும் அன்றைய நற்செய்தி. தினமும் 53 மணி ஜெபமாலை. புதனும் வெள்ளியும் ஒருசந்தி, அதாவது ஒரே வேளை முழுச் சாப்பாடு. வாரநாள் பூசை குறைந்தது மூன்று. வீட்டில் யாரிடமும் குரலை உயர்த்துவதில்லை. அது 2025 மார்ச் 5. மூன்றாம் வாரத்துப் புதனன்று, மார்ச் 26ஆம் தேதி, அதே பக்கத்தைத் திறந்தபோது ஏழில் ஐந்து எப்போதோ போயிருந்தன. மிச்சம் இருந்தது காபியும் ஒருசந்தியும். அவை இரண்டும் இருந்ததால்தான் ஏழாவது தீர்மானம் முதல் வாரத்திலேயே போயிற்று என்பது என் மகளின் கணிப்பு. "அம்மா, தயவுசெஞ்சு காபியைக் குடிச்சிடுங்க. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார். நாங்களாவது நிம்மதியா இருப்போம்" என்றாள். சிரித்துவிட்டுத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தீர்மானம் உடைவது எனக்குப் புதிதில்லை, வருடாவருடம் உடைவதுதான். அதற்குப் பிறகு உள்ளே ஒரு குரல் கேட்கும்: "இந்த வருஷம் போச்சு. அடுத்த தவக்காலத்தில் ஒழுங்காச் செய்வோம்." கேட்கப் பணிவு மாதிரியே இருக்கும். உண்மையில் அது சோம்பல், பக்தி வேஷம் போட்டு வந்தது. கணக்குப் பார்த்தால் முடிந்திருந்தது 21 நாள், பாஸ்கா எனப்படும் ஈஸ்டருக்கு இன்னும் 25 நாள் இருந்தது. பாதிக்கு மேல் கையில் இருக்கும்போதே நான் கடையைச் சாத்திவிட்டேன். மார்ச் 21 வெள்ளிக்கிழமை, இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கும் சிலுவைப்பாதைக்கு, வேலை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போகவில்லை. அந்த நேரத்தில் என்ன வேலை செய்தேன் என்று கேட்டால் பதில் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் எங்கள் பங்கில் வாசகம் வாசிக்கிறவள். மார்ச் 23, தவக்காலம் மூன்றாம் ஞாயிறு, இரண்டாம் வாசகம் என்னுடையது. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் திருமுகம், பத்தாம் அதிகாரம். நிலையாக நிற்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர் விழாதபடி பார்த்துக்கொள்ளட்டும் என்று முடியும். நிறுத்தி, நிதானமாக, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன். எல்லார் காதிலும் விழுந்திருக்கும், என் காதைத் தவிர.

வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. எங்கள் வாசகர் குழுவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பேச்சில் சிக்கனக்காரர்.

"நாளைக்குச் சிலுவைப்பாதையில ஏழாவது நிலை நீ வாசிக்கணும்."

"அக்கா, வேற யாரையாவது பாருங்களேன். இந்த வருஷம் எனக்கு எதுவுமே ஓடலை. வந்து நிக்கவே கூச்சமா இருக்கு."

"அப்படின்னா ஏழாவதுதான் உனக்குச் சரி" என்றார். வைத்துவிட்டார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று புரியாமல் ஜெபப் புத்தகத்தை எடுத்தேன். ஏழாம் நிலை: இயேசு இரண்டாம் முறை கீழே விழுகிறார். சிறு வயதிலிருந்து எத்தனை நூறு தடவை முழங்காலிட்டு எழுந்த நிலை! ஆனால் அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று அன்றுதான் வரிசையாகப் பார்த்தேன். மூன்றாம் நிலையில் முதல் தடவை விழுகிறார். நான்கில் தாயைச் சந்திக்கிறார். ஐந்தில் சீமோன் வந்து சிலுவையைச் சுமக்கிறார். ஆறில் வெரோனிக்கா முகத்தைத் துடைக்கிறார். தாய், தோள் கொடுக்க ஒருவர், முகம் துடைக்க ஒருவர் என்று வரவேண்டிய உதவி எல்லாம் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இரண்டாம் தடவை விழுகிறார். பதினான்கில் ஏழு, சரிபாதி வழியில்.

முதல் தடவை விழுவதற்குக் காரணம் சொல்லலாம். பாரம், பழக்கமின்மை, யாரும் துணைக்கு இல்லை. உதவியெல்லாம் கிடைத்த பிறகு விழுவதற்கு என்ன சொல்வது? அங்கேதான் எனக்கு வெட்கம். வீட்டில் ஒத்துழைக்கிறார்கள், நடந்தால் ஐந்து நிமிடத்தில் கோவில், ஞாயிறுதோறும் நற்கருணை, இத்தனைக்கும் பிறகும் மூன்று வாரம் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அந்த வெட்கத்துக்கு ஒரு நிலையே இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே இத்தனை வருடம் கடந்துபோயிருக்கிறேன்.

நற்செய்திகளில் இயேசு சிலுவையோடு விழுந்ததாக எங்கும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். சீமோன் இருக்கிறார், எருசலேம் பெண்கள் இருக்கிறார்கள். மூன்று விழுதல்களும் வெரோனிக்காவும் மக்களின் பக்தியிலிருந்து வந்தவை. நிலைகள் 14 என்று உறுதியானது 1731இல், திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் காலத்தில். 1991 புனித வெள்ளியன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முழுக்க விவிலியத்தை மட்டும் ஒட்டிய சிலுவைப்பாதை ஒன்றை நடத்தினார். அதில் விழும் நிலைகள் கிடையாது. எனக்கு அந்த வடிவமும் பிடிக்கும். ஆனால் அந்த வியாழன் இரவு, பெயர் தெரியாத அந்தப் பழைய பக்தர்களுக்கு நன்றி சொன்னேன். ஒரு தடவை விழுந்ததாக வைத்தால் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் மார்ச் 28. மாலைப் பூசையில் முதல் வாசகம் ஓசேயா 14. தவக்காலம் மூன்றாம் வாரத்து வெள்ளிக்கு எல்லா வருடமும் இதே வாசகம்தான். இஸ்ரயேலே, உன் கடவுளிடம் திரும்பி வா, உன் தீச்செயலால் நீ விழுந்துவிட்டாய் என்று தொடங்கும். அதட்டலாகப் போகும் என்று நினைத்தால், நான் அவர்களுக்குப் பனிபோல் இருப்பேன் என்று கடவுள் பேசத் தொடங்கிவிடுகிறார். பனி இறங்கும்போது சத்தமே கேட்காது. பூசை முடிந்து சிலுவைப்பாதை. ஏழாம் நிலையில் என் குரல் ஒரு இடத்தில் இடறியது. பயிற்சி போதவில்லை என்று சிலர் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

அன்று இரவு கோவில் சாத்தப்படவில்லை. "ஆண்டவருக்கு 24 மணி நேரம்" என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் தொடங்கிவைத்த வழக்கம். நான்காம் ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளி சனியில், நற்கருணை ஆராதனையோடு, குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கும் கோவில் திறந்தே இருக்கும். எல்லாப் பங்குகளிலும் முழுசாக 24 மணி நேரம் நடப்பதில்லை. எங்கள் பங்கில் நள்ளிரவு வரை. நான் எப்போதும் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில்தான் பாவசங்கீர்த்தனம் செய்வேன். நீண்ட வரிசை, பின்னால் நிற்பவரின் பெருமூச்சு, அவசர அவசரமாக இரண்டு நிமிடம். அன்று வரிசையில் நான்கே பேர். பாதிக் காலத்தில் போகச் சொல்லி இப்போது எல்லாரிடமும் நச்சரிக்கிறேன் என்றால், முதல் காரணம் ஆன்மிகமே இல்லை. நேரம் கிடைக்கும், குருவும் களைத்திருக்க மாட்டார்.

உள்ளே போய் ஏழு தீர்மானங்களையும் கணக்குப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். எது எத்தனை நாள் நின்றது, எது எப்போது போயிற்று என்று. சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்த ஏழில் ஆண்டவர் உங்ககிட்ட கேட்டது எது, நீங்களா போட்டுக்கிட்டது எது?"

எனக்குப் பதில் வரவில்லை. அதற்கு முன்னால் அப்படி யோசித்ததே இல்லை. ஏழையும் எழுதியபோது ஒரு தடவைகூட ஜெபிக்கவில்லை என்பது அங்கே முழங்காலில் இருக்கும்போதுதான் உறைத்தது. "ஒண்ணை மட்டும் வச்சுக்கோங்க. நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தால், திருச்சபைகூட என்னிடம் அவ்வளவு கேட்கவில்லை. கட்டாய நோன்பு நாள் வருடத்துக்கு இரண்டுதான், திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும். அதுவும் 18 வயது நிறைந்தவர்களுக்கு, 60ஆம் வயது தொடங்கும் வரை. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்கும் சுத்தபோசனம், 14 வயது நிறைந்தவர்களுக்கு. மற்றதெல்லாம் அவரவர் அன்பினால் சேர்த்துக்கொள்வது. நான் அன்பினால் சேர்க்கவில்லை, போட்டிக்குச் சேர்த்திருந்தேன். யாரோடு என்று கேட்டால், போன வருடத்து என்னோடு.

ஞாயிறு விஷயத்திலும் தவறு செய்திருந்தேன். திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. ஞாயிறு எப்போதும் உயிர்ப்பின் நாள், அன்று நோன்பு இல்லை. இது தெரிந்தும், விட்டால் பழக்கம் கெட்டுவிடும் என்று ஞாயிற்றிலும் காபியைத் தொடாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்று ஞாயிறு ஓய்வே இல்லாமல் ஓடியவள் நான்காவதில் சுருண்டு விழுந்தால் ஆச்சரியம் என்ன? ஞாயிறு கொண்டாடுவதும் ஒரு கீழ்ப்படிதல்தான் என்று அடுத்த ஞாயிறு காலை காபியோடு உட்கார்ந்தபோது உணர்ந்தேன். மகள் எதிரில் உட்கார்ந்து கைதட்டினாள்.

அந்த ஞாயிறு, மார்ச் 30. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. எருசலேமோடு சேர்ந்து அகமகிழுங்கள் என்ற எசாயாவின் அழைப்போடு வருகைப் பல்லவி தொடங்கும். லத்தீனில் அதன் முதல் சொல் 'லெத்தாரே', அதுவே அந்த ஞாயிற்றுக்குப் பெயராகிவிட்டது. ஊதாவுக்குப் பதில் ரோஜா நிற உடுப்பு அணியலாம். தவக்காலம் முழுவதும் பீடத்தில் பூ வைக்கக் கூடாது, இசைக்கருவி பாட்டுக்குத் துணையாக மட்டும்தான் ஒலிக்கலாம். இந்த ஞாயிறு இரண்டுக்கும் விலக்கு. இத்தனை வருடம் கோவிலுக்குப் போகிறவள், சாமியாரின் ரோஜா நிற உடுப்பைப் பார்த்துப் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்திருக்கிறேனே தவிர, அது யாருக்காக என்று யோசித்ததில்லை. களைத்துப்போகிறவர்கள் இருப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து, நாட்காட்டியிலேயே அவர்களுக்கு ஒரு நிழல் போட்டு வைத்திருக்கிறார்கள். நாம் எந்த இடத்தில் களைப்போம் என்றுகூடத் தெரிந்திருக்கிறது!

அன்றைய நற்செய்தி ஊதாரி மைந்தன். ஆயிரம் தடவை கேட்ட கதை. ஆனால் அந்த வாரம் கையில் நோட்டுப் புத்தகத்தோடு கேட்டதால் ஒரு இடம் சுருக்கென்று குத்தியது. பன்றிகள் நடுவே உட்கார்ந்து அந்தப் பையன் ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். அப்பா, பாவம் செய்தேன், மகன் எனப்பட இனித் தகுதியில்லை, கூலியாள்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து பேசும்போது முதல் பகுதியைச் சொல்லிவிடுகிறான். கூலியாள் என்ற பகுதி அவன் வாயிலிருந்து வருவதே இல்லை. அதற்குள் தகப்பன் பணியாளர்களைக் கூப்பிட்டு ஆடையும் மோதிரமும் செருப்பும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். மன்னிப்புக் கேட்க விடுகிறார், கூலி பேச விடவில்லை. என் ஏழு தீர்மானங்களும் அந்தக் கூலிப் பேச்சுதான் என்று எனக்குப் பட்டது. இவ்வளவு செய்கிறேன், இவ்வளவு கொடும் என்கிற ஒப்பந்தம். ஒப்பந்தம் உடைந்ததும் வீட்டுப் பக்கம் வரக் கூசியதும் அதனால்தான்.

பிறகு செய்ததைச் சொல்கிறேன். எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

ஏழில் ஒன்றை வைத்துக்கொண்டேன், அன்றைய நற்செய்தி. முன்பு இரவில் படிப்பதாகத்தான் எழுதியிருந்தேன், இரவில் கண் சொருகும். காலையில் கைபேசியைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம், எப்போதும் அதே நாற்காலி. இடத்தையும் நேரத்தையும் கட்டிவிட்டால் மனசைக் கெஞ்ச வேண்டியதில்லை, உடம்பு தானாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது. நாற்காலியில் வேறு யாரும் துணி போடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய ஒறுத்தலாக இருந்தது.

நோட்டுப் புத்தகத்தில் டிக் போடுவதை நிறுத்தினேன். உடையும்போது மட்டும் ஒரு வரி: எந்த நாள், எந்த நேரம், எதனால். ஒரு வாரத்திலேயே ஒன்று பளிச்சென்று தெரிந்தது. நான் குரலை உயர்த்தியது ஏறக்குறைய எப்போதும் மாலை ஆறிலிருந்து ஏழுக்குள், அதுவும் ஒருசந்தி நாட்களில். பசியோடு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுகிறவருக்கு அர்ச்சனை. இதைப் பாவம் என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் அழுதுகொண்டிருப்பேன். நேரம் தெரிந்ததும் வழி தெரிந்தது. ஒருசந்தியை வெள்ளிக்கு மட்டும் என்று குறைத்தேன். வீட்டுக் கதவைத் திறக்குமுன் வாசலில் நின்று ஒரு 'எங்கள் தந்தையே'. அவ்வளவுதான். எப்போதும் வேலை செய்கிறது என்று சொன்னால் மகள் சிரிப்பாள்.

காபி விஷயத்தில் இன்னொரு ஓட்டை இருந்தது. மூன்று வாரம் குடிக்காத காபியின் காசு என் பையிலேயே இருந்தது. நோன்பிருந்து மிச்சம் பிடித்து நானே வைத்துக்கொண்டால் அது சேமிப்பு. ஐந்தாம் நூற்றாண்டு ஆயரான புனித பேதுரு கிறிசோலோகு ஒரு மறையுரையில் ஜெபம், நோன்பு, இரக்கம் மூன்றும் ஒன்றுக்கொன்று உயிர் கொடுப்பவை, பிரிக்கக் கூடாது என்கிறார். ஒன்றை மட்டும் வைத்திருப்பவரிடம் எதுவுமே இல்லை என்கிற அளவுக்குப் போகிறார். காசை ஒரு உறையில் போட்டுப் பெயர் எழுதினேன். 'ஏழைகளுக்கு' என்று எழுதவில்லை, எனக்குத் தெரிந்த ஒருவரின் பெயரை எழுதினேன். பெயர் இருந்தால் கை திரும்பி வராது.

இப்படி எழுதும்போது ஏதோ மலை ஏறிவிட்ட மாதிரி தோன்றலாம். இல்லை. ஐந்தாம் வாரச் செவ்வாய் மறுபடி உடைந்தது, நன்றாகவே உடைந்தது. ஆனால் அந்தப் பழைய குரல், "அடுத்த வருஷம்" என்கிற குரல், வருவதற்குள் வேறொன்று நினைவுக்கு வந்தது. மூன்றாம் ஞாயிற்று நற்செய்தியில் வரும் அந்தத் தோட்டக்காரர். மூன்று வருடமாகக் காய்க்காத அத்திமரம், வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். இந்த ஆண்டும் இருக்கட்டும் ஐயா, சுற்றிக் கொத்தி எரு போடுகிறேன் என்கிறார் இவர். மரத்திடம் ஒரு தீர்மானமும் கேட்கவில்லை. மண்வெட்டியை அவரே எடுக்கிறார். அதே ஞாயிற்றுக்கிழமைதான் திருத்தந்தை பிரான்சிஸ் ஐந்து வாரத்துக்கு மேல் மருத்துவமனையில் இருந்துவிட்டு வெளியே வந்தார். மூச்சுவிடவே சிரமப்பட்ட குரலில், கூட்டத்தில் மஞ்சள் பூக்களோடு நின்ற ஒரு பெண்ணைக் கவனித்துப் பாராட்டினார். அன்று எழுத்தில் வெளியான அவரது மூவேளைச் செபச் செய்தியும் அந்த அத்திமரத்தைப் பற்றியதே. நீண்ட மருத்துவமனை நாட்களில் ஆண்டவரின் பொறுமையைத் தாம் அனுபவித்ததாக அதில் எழுதியிருந்தார். அந்தத் தவக்காலத்தில் அவரால் எத்தனை தீர்மானங்களைக் காப்பாற்ற முடிந்திருக்கும்?

அக்காவிடம் ஏழாவது நிலையை எனக்கு ஏன் கொடுத்தார் என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கும் யாராவது கொடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். அவரும் அந்த வருடம் தடுமாறிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரியும். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. விவரம் எதுவும் எழுதக் கூடாது, விளக்கம் கேட்கக் கூடாது, அறிவுரை அறவே கூடாது. விழுந்தால் "ஏழு" என்று மட்டும் ஒரு செய்தி. மற்றவர் "எட்டு" என்று பதில் போடவேண்டும், அடுத்த நிலைக்கு நட என்று அர்த்தம். ஐந்தாம் வாரச் செவ்வாய் நான் "ஏழு" அனுப்பினேன். பத்து நிமிடத்தில் "எட்டு" வந்தது.

பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை இரவு அக்காவிடமிருந்து ஒரு செய்தி. "ஒன்பது."

இயேசு மூன்றாம் தடவை விழும் நிலை. என்ன நடந்தது என்று கேட்கக் கை துடித்தது. கேட்கவில்லை. "பத்து" என்று போட்டுவிட்டு, காலை ஆறு மணிப் பூசைக்கு அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறேன் என்று அடுத்த வரியில் எழுதினேன்.